'கொடி' எப்படி 'கெரடி' ஆனது?

பெங்களூரு ஈஜிபுராவில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். எல்லாம் தெருவில் உள்ள தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகள். அப்பாக்களுக்குப் பெயின்டிங், கட்டட வேலை, ஆட்டோ. அம்மாக்களில் பலர் கோரமங்களா அப்பார்ட்மென்ட்களுக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள். ஒரு மணி நேரம் தமிழ் வாசிப்போம். அப்புறம் அரை மணி நேரம் அவர்களுடைய பள்ளிப் பாடம்.

போன வருடம் நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் 'கொடி' என்ற சொல்லை 'கெரடி' என்று வாசித்தான். "இல்லடா, கொடி" என்று திருத்திவிட்டு அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன். அடுத்த வரியில் 'பொம்மை' 'பெரம்மை' ஆனது. அதையும் திருத்தினேன். இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பையன் கவனமில்லாமல் வாசிக்கவில்லை, ரொம்பக் கவனமாகத்தான் வாசித்திருக்கிறான். முதலில் கொம்பு, அப்புறம் க, அப்புறம் துணைக்கால். துணைக்கால் பார்ப்பதற்கு ர மாதிரியே இருக்கும். ஆக, கெ, ர, டி. எழுத்துக்கு முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக நிற்கும் இரண்டு குறிகளும் சேர்ந்து ஒரே ஒலி என்பதை அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

நான் தனியார் பள்ளியில் பதினோரு வருடமாக வேலை செய்கிறேன். பி.எட் படித்திருக்கிறேன். இருந்தும் அது எந்த வகைப் பிழை என்று கண்டுபிடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆனது. பிள்ளை வாய் திறந்து வாசிக்கும்போதே அதைக் கேட்டுப் பிரித்தறியப் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் சில நாடுகளில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களை 'ரீடிங் ஸ்பெஷலிஸ்ட்' என்கிறார்கள். நாம் வாசிப்பு வல்லுநர் என்று சொல்லலாம். அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது, நம் ஊரில் ஏன் இல்லை, வருவதானால் எப்படி வர வேண்டும் என்பதை எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 1986-இல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வாசிப்பை ஒரு பெருக்கலாக எழுதிக் காட்டினார்கள். எழுத்தைப் பார்த்து ஒலியாக மாற்றும் திறன் ஒரு பக்கம். காதால் கேட்டால் அந்த மொழி புரிகிற அளவு இன்னொரு பக்கம். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்வது. கூட்டல் என்று சொல்லாமல் பெருக்கல் என்று சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. ஒரு பக்கம் பூஜ்யமானால் மறுபக்கம் எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

என் மொட்டை மாடியில் இந்தப் பெருக்கலின் இரண்டு பக்கங்களும் உட்கார்ந்திருக்கின்றன. 'கெரடி' பையனுக்குக் கதை சொன்னால் கண் விரியக் கேட்பான், பாதியில் கேள்வி கேட்பான், முடிவை முன்கூட்டியே சொல்லுவான். தமிழ் அவனுக்கு நன்றாகப் புரிகிறது, எழுத்துதான் பிடிபடவில்லை. அவன் பக்கத்தில் உட்காரும் ஆறாம் வகுப்புப் பெண் கன்னடப் பாடப்புத்தகத்தை மணிமணியாக வாசிப்பாள். "என்னம்மா சொல்லியிருக்கு?" என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். தெருவில் காய் வாங்கவும் விளையாடவும் தேவையான கன்னடம் அவளுக்குத் தெரியும், பாடப்புத்தகக் கன்னடம் தெரியாது. இருவருடைய முன்னேற்ற அட்டையிலும் ஒரே வார்த்தைதான்: 'ரீடிங் வீக்'. அவனுக்கு எழுத்து சொல்லித்தர வேண்டும், அவளுக்குச் சொல் சேர்க்க வேண்டும், நிறையப் பேச வேண்டும். அவளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுத்தால் ஒரு வருடம் வீண். அவனுக்கு "நிறையக் கதைப் புத்தகம் படி" என்று சொன்னாலும் அதே கதைதான்.

இந்த இரண்டு பிள்ளைகளையும் பிரித்தறிவதுதான் வாசிப்பு வல்லுநர் படிப்பின் முதுகெலும்பு.

அமெரிக்காவில் இது பட்டப்படிப்புக்கு மேலே வரும் படிப்பு. ஏற்கெனவே ஆசிரியர் உரிமம் வைத்திருப்பவர்கள், பெரும்பாலும் சில வருடம் வகுப்பறையில் நின்றவர்கள், வேலை பார்த்துக்கொண்டே மாலையிலும் கோடை விடுமுறையிலும் படிக்கிறார்கள். முதுகலைப் பட்டமும் அதோடு மாநில அரசின் தனிச் சான்றிதழும் கிடைக்கும். 1956-இல் தொடங்கிய சர்வதேச வாசிப்புச் சங்கம், 2015-இல் பெயர் மாறி சர்வதேச எழுத்தறிவுச் சங்கம் ஆனது. இந்தப் படிப்பில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அது வகுத்திருக்கிறது. 2017-ஆம் வருடத்துத் தரவரையறையில் ஏழு தலைப்புகள் இருக்கின்றன. ஏழையும் இங்கே அடுக்க வேண்டாம். கடைசித் தலைப்புதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: மேற்பார்வையின் கீழ் நேரடிப் பயிற்சி.

அதாவது, படிக்கும் ஆசிரியர் வாசிக்கத் திணறும் ஒரு பிள்ளையோடு வாரக்கணக்கில் உட்கார வேண்டும். பிள்ளை வாசிப்பதைச் சொல்லுக்குச் சொல் குறித்துக்கொள்ள வேண்டும்: எங்கே நின்றது, எதை மாற்றியது, எதைத் தானே திருத்திக்கொண்டது. அந்தக் குறிப்பிலிருந்து அடுத்த நாள் என்ன சொல்லித்தருவது என்று முடிவெடுக்க வேண்டும். அந்த முடிவை அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து பார்த்து, "இதை ஏன் தேர்ந்தெடுத்தாய்?" என்று கேட்பார். டாக்டருக்குப் படிப்பவர்கள் வார்டில் கட்டில் கட்டிலாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். ஏறக்குறைய அதே முறைதான். மற்ற பாடங்களை எல்லாம் புத்தகத்திலிருந்து படித்துவிடலாம். இதை மட்டும் ஆள் பக்கத்தில் இல்லாமல் கற்றுக்கொள்ள முடியாது என்பது என் எண்ணம். ஆன்லைன் பயிற்சிகள் தோற்கும் இடமும் இதுதான்.

இன்னொரு பகுதி, சக ஆசிரியர்களுக்குத் துணை நிற்பது. வாசிப்பு வல்லுநர் பிள்ளைகளைத் தனி அறைக்குக் கூட்டிப்போய்ச் சொல்லித்தருபவர் மட்டுமல்ல. பாதி நேரம் மற்றவர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்து, பாடம் முடிந்ததும் அவர்களோடு பேசுபவர். இந்த வேலையை முழு நேரமாகச் செய்பவர்களை எழுத்தறிவுப் பயிற்றுநர் என்ற பொருளில் 'லிட்டரசி கோச்' என்கிறார்கள்.

சரி, இப்படி ஆயிரக்கணக்கான வல்லுநர்களை வைத்திருந்த நாட்டில் எல்லாப் பிள்ளைகளும் நன்றாக வாசிக்கிறார்களா? இல்லை. ஏன் என்பதை நாம் தெரிந்துகொள்வது அவசியம், அதே தவறை இங்கேயும் கொண்டுவந்துவிடக் கூடாது. எழுத்தையும் ஒலியையும் வரிசையாகச் சொல்லித்தர வேண்டுமா, இல்லை, நல்ல கதைகளுக்கு நடுவே பிள்ளையை விட்டால் வாசிப்பு தானாக வந்துவிடுமா என்று அங்கே பல பத்தாண்டுகளாகச் சண்டை. 2000-இல் தேசிய வாசிப்புக் குழு அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஒலிகளைப் பிரித்தறிதல், எழுத்து-ஒலித் தொடர்பு, சரளம், சொல்வளம், புரிதல் என்று ஐந்தையும் வலியுறுத்தியது. ஆனாலும் பல கல்வியியல் கல்லூரிகளில் வேறொன்று ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைக்கு ஒரு சொல் தெரியாவிட்டால் படத்தைப் பார்க்கச் சொல், முதல் எழுத்தைப் பார்க்கச் சொல், எது பொருந்தும் என்று யோசிக்கச் சொல் என்று ஆசிரியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். வல்லுநர் பட்டம் வாங்கியவர்களிலும் பலர் இதையே நம்பிக்கையோடு செய்தார்கள். பின்னால் இதற்குக் கடும் எதிர்ப்பு வந்தது. பல மாநிலங்கள் இந்த யூக முறையைத் தடை செய்தன. அந்த வழிக்குப் பெரிய மையமாக இருந்த கொலம்பியா பல்கலைக்கழக டீச்சர்ஸ் காலேஜ் வாசிப்பு-எழுத்துத் திட்டம் 2023-இல் கலைக்கப்பட்டது.

இந்த யூக வாசிப்பை இங்கேயும் பார்க்கிறேன். இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் 'ஹவுஸ்' என்று இருப்பதை 'ஹோம்' என்று வாசிப்பார்கள். படத்தில் வீடு இருக்கிறது, முதல் எழுத்தும் அதேதான். பொருள் சரியாக வந்துவிட்டது என்று நாமும் விட்டுவிடுகிறோம். நான்காம் வகுப்பில் படங்கள் குறைந்து, சொற்கள் நீண்டதும் அந்தப் பிள்ளை நின்றுவிடும்.

மறுபக்கத்தில் மிசிசிப்பி மாநிலம் இருக்கிறது. அங்கே 2013-இல் ஒரு வாசிப்புச் சட்டம் வந்தது. பின்தங்கிய பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வாசிப்புப் பயிற்றுநர்களை மாநில அரசே அனுப்பியது, ஏற்கெனவே பணியில் இருந்த ஆசிரியர்களுக்கும் மறுபயிற்சி தந்தது. நான்காம் வகுப்பு வாசிப்பில் நாட்டின் கடைசி வரிசையில் இருந்த அந்த ஏழை மாநிலம் 2019-இல் தேசியச் சராசரியை எட்டிப் பிடித்தது. மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராத பிள்ளைகளை அதே வகுப்பில் நிறுத்திவைக்கும் விதியும் அந்தச் சட்டத்தில் உண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்ற ஒருவரைப் பள்ளிக்கு அனுப்பி, அவரை அங்கேயே இருக்கவைத்தது பலன் தந்தது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இப்போது நம் எழுத்துகளுக்கு வருவோம். அமெரிக்கப் பாடத்திட்டத்தை அப்படியே தூக்கிக்கொண்டுவந்தால் ஏன் போதாது என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது.

ஆங்கிலத்தில் எழுத்து 26. கற்றுக்கொள்ளச் சில மாதம் போதும். ஆனால் எந்த எழுத்துக்கு எங்கே என்ன ஒலி என்பதுதான் பெரும்பாடு. தமிழில் 247. கன்னடத்தில் காகுணித வரிசைகளை, அதாவது உயிர்மெய் வரிசைகளை எண்ணினாலே நானூறைத் தாண்டும். அதற்கு மேல் ஒத்தக்ஷரங்கள், அதாவது எழுத்துக்குக் கீழே தொங்கும் மெய்கள். எழுத்து தெரிந்துவிட்டால் ஒலி ஏறக்குறைய உறுதி, ஆனால் எழுத்தைத் தெரிந்துகொள்ளவே வருடங்கள் ஆகும். இதைப் பெங்களூரிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். தி பிராமிஸ் ஃபவுண்டேஷனில் இருந்த சோனாலி நாக் கன்னடப் பிள்ளைகளின் வாசிப்பைப் பற்றி 2007-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது. எழுத்துகளை முழுமையாகப் பிடிக்கப் பிள்ளைகளுக்கு மூன்றாம், நான்காம் வகுப்பு வரை ஆகிறது, எழுத்துக்குள் இருக்கும் தனி ஒலியைப் பிரித்துக் கேட்கும் திறனும் மெதுவாகத்தான் வருகிறது என்று அது காட்டியது. இங்கிலீஷ் நாட்டுக் கால அட்டவணையை வைத்து அளந்தால் நம் பிள்ளைகளில் பாதிப் பேர் பின்தங்கியவர்களாகத் தெரிவார்கள்.

ஒவ்வொரு எழுத்து முறைக்கும் அதற்கே உரிய சிக்கல்கள் உண்டு. தமிழில் 'பக்கம்', 'பங்கு', 'பகல்' மூன்றிலும் ஒரே க. ஒலியோ மூன்று விதம். கன்னடத்தில் அதற்கு நான்கு தனி எழுத்து, ஹ வேறு. கன்னடம் வாசித்துப் பழகிய பிள்ளை தமிழுக்கு வரும்போது, "எந்த க மிஸ்?" என்று கேட்கும். அது நல்ல கேள்வி. சொல்லை முன்பே காதால் கேட்டிருந்தால்தான் 'பகல்' சரியாக வாயில் வரும். அதனால் தமிழில் சொல்வளம் என்பது புரிதலுக்கு மட்டுமல்ல, எழுத்தை ஒலியாக்கவே தேவைப்படுகிறது. எதிர்த்திசையிலும் சிக்கல் உண்டு. தமிழில் புள்ளி வைத்த மெய் வரிசையிலேயே நிற்கும். கன்னடத்தில் இரண்டு மெய் சேர்ந்தால் இரண்டாவது மெய் கீழே இறங்கிவிடும். தமிழ் பழகிய கண் கீழே பார்ப்பதில்லை. 'அக்க' என்பதை 'அக' என்று வாசித்துவிட்டுப் போகும்.

இந்தப் பிள்ளைகளுக்கு இரண்டையும் தவிர்க்க வழியில்லை. கர்நாடகத்தின் 2015-ஆம் வருடத்துக் கன்னட மொழிக் கற்றல் சட்டப்படி எல்லாப் பள்ளிகளிலும் ஒன்றாம் வகுப்பிலிருந்து கன்னடம் உண்டு. அது சரியான சட்டம்தான். இந்த ஊரில் வாழும் பிள்ளைக்கு இந்த ஊர் மொழி தெரிய வேண்டும். பாட மொழி பெரும்பாலும் ஆங்கிலம். வீட்டில் தமிழ், அதுவும் 'ஸ்வல்ப' மாதிரிக் கன்னடச் சொற்கள் கலந்த பெங்களூருத் தமிழ். ஒரு பிள்ளை, மூன்று எழுத்து முறை. இந்த நிலைமைக்குப் பொருந்தும் பாடத்திட்டம் வேறெங்கும் தயாராக இல்லை. இங்கேதான் செய்ய வேண்டும்.

இதற்குத் தேவையான ஒரு கருவி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அரிச்சுவடியில் வரும் அந்தப் பெரிய கட்டம். மேலே உயிர், இடப்பக்கம் மெய், நடுவில் உயிர்மெய். 'க்' உம் 'அ' உம் சேர்ந்தால் 'க' என்று நம் இலக்கணம் ஆதியிலேயே சொல்லிவிட்டது. எழுத்துக்குள் இருக்கும் ஒலிகளைப் பிரித்துப் பார்க்க மேல்நாட்டுப் புத்தகங்கள் பக்கம் பக்கமாகப் பயிற்சி தருகின்றன. நமக்கு அது சுவரில் மாட்டியிருக்கும் அட்டையிலேயே இருக்கிறது. ஆனால் நாம் 'க கா கி கீ' என்று குறுக்குவாட்டில் ராகமாகப் பாடவைக்கிறோம். பிள்ளை பாட்டைக் கற்றுக்கொள்கிறது. மேலிருந்து கீழாக 'கொ, சொ, தொ, பொ' என்று ஒரு நாளாவது இறங்கியிருந்தால், இரண்டு பக்கக் குறியும் 'ஒ' என்ற ஒரே ஒலிக்குத்தான் என்பது என் பையனுக்குத் தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நான் படித்த பி.எட்-இல் ஒரு மொழிப் பாடத்தை எப்படி நடத்துவது என்று இருந்தது: பாடக் குறிப்பு, கருவி, மதிப்பீடு. பிள்ளை எப்படி வாசிக்கக் கற்கிறது என்று ஒரு மணி நேரம்கூட வகுப்பு நடக்கவில்லை. ஆசிரியர் படிப்புகளுக்கு விதி வகுக்கும் தேசியக் கவுன்சிலான என்.சி.டி.இ.-யின் 2014-ஆம் வருடத்து விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட் இரண்டு வருடமானது. 'நூல்களை வாசித்தலும் சிந்தித்தலும்' என்ற பொருளில் ஒரு பகுதியும் சேர்ந்தது. நல்ல பகுதிதான். ஆனால் அது ஆசிரியர் தானே ஆழ்ந்து வாசிக்கப் பழகுவதற்கானது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாசிக்கச் சொல்லித்தருவது அதில் வராது.

அடிப்படையில் பி.எட் என்பது உயர்நிலை வகுப்புகளுக்கான படிப்பு. தொடக்க வகுப்புகளுக்கு டி.எல்.எட் இருக்கிறது, அதில் மொழியும் தொடக்க எழுத்தறிவும் பாடமாக உண்டு. பி.எட் படித்தவர்களையும் தொடக்கப் பள்ளியில் எடுக்கலாம் என்று 2018-இல் என்.சி.டி.இ. அனுமதித்தது. அது செல்லாது என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேலை எதிர்பார்த்திருந்த எத்தனையோ பேருக்கு அது பெரிய அடி. அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் சின்னப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தனிப் பயிற்சி வேண்டும் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இருப்பதை மறுக்க முடியாது.

இந்தப் பயிற்சி எவ்வளவு பேருக்குத் தேவை? பிரதம் அமைப்பு 2005 முதல் நடத்திவரும் ஏசர் ஆய்வின்படி, 2024-இல் கிராமப்புற அரசுப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 23.4 சதவீதம். நகரங்கள் அந்தக் கணக்கில் இல்லை. ஈஜிபுராவில் எனக்குத் தெரிந்த பிள்ளைகளைப் பார்த்தால் நகரம் ரொம்ப வேறு மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவாக்க வேண்டும். வாசிக்க வராத பிள்ளை என்றதும் பள்ளிகள் சொல்லும் முதல் யோசனை, "நிம்ஹான்ஸ் போய் டெஸ்ட் எடுங்க" என்று பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவமனைக்கு அனுப்புவது. 2016-ஆம் வருடத்து மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் குறிப்பிடும் 21 குறைபாடுகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம், எழுதித்தர ஆள், சில இடங்களில் ஒரு மொழியிலிருந்து விலக்கு எல்லாம் கிடைக்கும். டிஸ்லெக்ஸியா, அதாவது வாசிப்பைப் பாதிக்கும் கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு அது உரிமை, அவசியம் வாங்க வேண்டும். மனேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 'டாலி' என்ற சோதனை முறையில் கன்னடமும் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்து முடிவெடுத்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம். இந்தப் பிள்ளைகளோடு வேலை செய்ய ஸ்பெஷல் எஜுகேட்டர்கள் இருக்கிறார்கள். இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு அவர்களுடையது.

ஆனால் வாசிக்க வராத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு எந்தக் குறைபாடும் இல்லை. அவர்களுக்குச் சரியாகச் சொல்லித்தரப்படவில்லை, அவ்வளவுதான். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பும்போது இரண்டு விதமான தவறு நடக்கிறது. சொல்லித்தராத பள்ளியின் பிழை பிள்ளையின் பெயரில் எழுதப்படுகிறது. இல்லையென்றால், உண்மையிலேயே டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளை "சோம்பேறி" என்று அடி வாங்குகிறது. இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா சான்றிதழ் என்ற வார்த்தையைக் கேட்டதும், "அப்போ என் பையனுக்கு மூளைல ஏதாவதா மிஸ்?" என்று கேட்டு அழுதார். அவருடைய பையனுக்கு ஒத்தக்ஷரம் தெரியவில்லை, வேறொன்றும் இல்லை. மூன்று மாதம் நல்ல முறையில் சொல்லித்தந்தும் ஒரு பிள்ளை நகரவில்லையென்றால் அப்போது சோதனைக்கு அனுப்பலாம். அந்த மூன்று மாதத்தை நடத்துபவர் வாசிப்பு வல்லுநராகத்தான் இருக்க முடியும்.

அரசு பக்கம் எதுவுமே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். மத்திய அரசு 2021-இல் தொடங்கிய நிபுண் பாரத் திட்டம் மூன்றாம் வகுப்புக்குள் எல்லாப் பிள்ளைகளும் வாசிக்க வேண்டும் என்ற இலக்கை 2026-27-க்கு வைத்தது. நிஷ்டா என்ற ஆசிரியர் பயிற்சிகள் தீக்ஷா இணையதளம் வழியாக லட்சக்கணக்கான ஆசிரியர்களுக்குப் போயின. தமிழ்நாட்டில் 2022 முதல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் நடக்கிறது. கர்நாடகத்தில் 1995-இல் ஹெக்கடதேவனகோட்டையில் பிறந்த நலி-கலி முறை இன்னும் பழையது. பிள்ளைகள் தங்கள் வேகத்தில் படிப்படியாக ஏறும் முறை அது. இவையெல்லாம் எல்லா ஆசிரியர்களுக்கும் கொஞ்சம் தெரியவைக்கின்றன. ஒரு பள்ளிக்கு ஒருவராவது ஆழமாகத் தெரிந்தவராக இருக்க வேண்டாமா?

ஆழம் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கு ஒரு உதாரணம். நிபுண் பாரத் முதலில் மூன்றாம் வகுப்புக்கு நிமிடத்துக்கு 60 சொல் என்று ஓர் அளவு வைத்தது. தமிழில் 'படித்துக்கொண்டிருந்தவர்களோடு' என்பது ஒரே சொல். ஆங்கிலத்தில் அதைச் சொல்ல ஐந்து சொல் வேண்டும். சொல்லை எண்ணினால் தமிழ்ப் பிள்ளை எப்போதும் மெதுவாகத்தான் தெரியும். 2022-இல் மத்திய அரசின் கல்வி ஆராய்ச்சி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. நடத்திய அடிப்படைக் கற்றல் ஆய்வு 20 மொழிகளில் பிள்ளைகளை வாசிக்கவைத்து, மொழிக்கு மொழி தனி அளவுகோல் வைத்தது. சரியான முடிவு. ஆனால் பள்ளியில் கடிகாரம் வைத்து எண்ணிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். வேகம் குறைந்ததற்கு மொழியின் அமைப்பு காரணமா, பிள்ளையின் திணறல் காரணமா என்று அவர்தான் சொல்ல வேண்டும்.

பெங்களூரில் இந்தப் படிப்பைத் தொடங்கத் தேவையான துண்டுகள் சிதறிக் கிடக்கின்றன. 2010-இல் நிறுவப்பட்ட அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் கல்வியியல் முதுகலை இருக்கிறது. ஆய்வாளர் ஷைலஜா மேனனும் குழுவினரும் மகாராஷ்டிரத்தின் வாடாவிலும் கர்நாடகத்தின் யாதகிரியிலும் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்து, 2017-இல் அறிக்கை வெளியிட்டார்கள். எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுவதிலும் பார்த்து எழுதுவதிலுமே முதல் வருடங்கள் கழிகின்றன, பொருளுக்கு இடமே கிடைப்பதில்லை என்பதை அந்த அறிக்கை விவரமாகச் சொல்கிறது. புத்தகத்துக்கும் பஞ்சமில்லை. பெங்களூரிலேயே 2004-இல் தொடங்கிய பிரதம் புக்ஸ், 2015-இல் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்தது. தமிழிலும் கன்னடத்திலும் நான்கு நிலைகளில் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. சனிக்கிழமைகளில் என் போனில் இருந்து பிரின்ட் எடுத்து ஒட்டும் கதைகள் அங்கிருந்துதான்.

என்னைக் கேட்டால், இரண்டு வருடப் படிப்பு, சனி ஞாயிறுகளிலும் விடுமுறையிலும் நடக்க வேண்டும். வேலையை விட்டுவிட்டுப் படிக்க எங்களால் முடியாது, சம்பளம் அதற்கு இடம் தராது. பாதி நேரம் பிள்ளைகளோடு. குறைந்தது இரண்டு எழுத்து முறைகளில் தலா ஒரு பிள்ளையை ஒரு பருவம் முழுக்கக் கொண்டுசெல்ல வேண்டும். அந்த இரண்டில் ஒன்று கட்டாயம் கன்னடம். மற்றது தமிழோ, உருதுவோ, தெலுங்கோ, ஆசிரியர் நிற்கும் தெருவைப் பொறுத்தது. மொழியியல் பாடம் ஒன்று வேண்டும், அது நம் எழுத்துகளில் தொடங்க வேண்டும். பேச்சுத் தமிழில் 'வந்தாங்க' என்று சொல்லும் பிள்ளை 'வந்தார்கள்' என்று வாசிக்கும்போது ஏறக்குறைய இன்னொரு மொழியைத் தொடுகிறது என்பதும் அந்தப் பாடத்தில் வர வேண்டும். நாங்கள் படித்த காலத்தில் அதைப் பிழை என்றுதான் சொல்லித்தந்தார்கள்.

படித்து முடித்தவருக்கு வேலை எங்கே? இதுதான் கஷ்டமான பகுதி. நம் பள்ளிகளில் இப்படி ஒரு பதவி இல்லை. பதவி இல்லாத படிப்புக்கு ஆசிரியர்கள் பணம் கட்ட மாட்டார்கள், கட்டவும் கூடாது. ஆனால் அருகில் ஒரு பதவி இருக்கிறது. கர்நாடகத்தில் சி.ஆர்.பி. என்று சொல்லப்படும் குறுவட்டப் பொறுப்பாளர்களும், தமிழ்நாட்டில் ஆசிரியர் பயிற்றுநர்களும் பள்ளி பள்ளியாகப் போய் ஆசிரியர்களுக்கு உதவுவதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். நடைமுறையில் பாதி நாள் தகவல் சேகரிப்பதிலும் படிவம் நிரப்புவதிலும் போய்விடுகிறது என்று அந்த வேலையில் இருக்கும் தோழி ஒருத்தி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்களில் ஒரு பகுதியினரை இந்தப் படிப்புக்கு அரசு செலவில் அனுப்பி, திரும்பி வந்ததும் வாசிப்பை மட்டுமே பார்க்கச் சொன்னால் புதுப் பதவியே உருவாக்க வேண்டாம். தனியார் பள்ளிகள் ஸ்பெஷல் எஜுகேட்டரை எடுப்பது போல இவரையும் எடுக்கத் தொடங்கும், பெற்றோர்கள் கேட்டால்.

'கெரடி' பையனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவனோடு நான் கட்டத்தில் மேலிருந்து கீழாக இறங்கினேன். முதல் வாரம் கொ, சொ, தொ. இரண்டாம் வாரம் கோ, சோ, தோ. எழுத்தைத் தொட்டுவிட்டு இரண்டு பக்கக் குறிகளையும் இரண்டு விரலால் ஒரே நேரத்தில் தொடச் சொன்னேன். ஐந்தாவது வாரம் 'கொக்கு', 'சோறு', 'தோட்டம்' எல்லாம் தடங்கல் இல்லாமல் வந்தன. போன சனிக்கிழமை கதையில் 'மௌனம்' என்று ஒரு சொல் வந்தது. 'மெ' என்றான், 'ள' என்றான், நின்றான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் இரண்டு விரலையும் எடுத்து அந்தக் கொம்பின் மேலும் ள-வின் மேலும் வைத்துப் பார்த்துவிட்டு, "மிஸ், இந்த ள-வும் கொம்போட சேர்ந்ததா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். நோட்டில் அவன் பெயருக்கு நேராக, 'தானே கண்டுபிடித்தான்' என்று தேதி போட்டு எழுதிக்கொண்டேன்.